கல் எடுத்த வயிற்றுக்குப் பத்தியம்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஊரில் பாதிரியார் வைத்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன், அவ்வளவுதான். எழுத்து கோணல்மாணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்லுவேன். நடுவில் மறந்தும் போவேன். கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் மருந்து கொடுக்கிறவரை டிரசர் ஐயா என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு எனக்கு வந்த அதே நோவு வந்திருக்கிறதாம். வயிற்றைக் கிழித்தால் செத்துப்போவேன் என்று ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். "நீங்கள் வந்து அவவோட கதையுங்கோ" என்றார் ஐயா. எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முடியாது என்று தலையை ஆட்டினேன். "அப்ப எழுதித் தாங்கோ, நான் வாசிச்சுக் காட்டுறன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஆயா. விடியுமுன்னே பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால் வடிய ரப்பர் மரம் வெட்டப் போகிற பெண்கள், கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். தூளியில் போட்டு ஆட்டுவது, பால் காய்ச்சிக் கொடுப்பது, மூக்கைத் துடைப்பது என் வேலை. முன்னே நானும் மரம் வெட்டியவள்தான். குனிந்து நிமிர முடியாமல் போனதும் கொட்டகைக்கு மாற்றினார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

நோவு முதலில் சாப்பாட்டுக்குப் பின்னால்தான் வந்தது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிடித்து முறுக்குகிற மாதிரி. அங்கிருந்து முதுகுக்குப் போய் வலது தோளில் ஏறி உட்காரும். வயிற்றில் நோவு, தோள் ஏன் வலிக்கிறது என்று எனக்கே புரியவில்லை. வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலை. வாயு என்றார்கள், சூலை என்றார்கள். ஓமம் தின்றேன், கோயில் திருநீறு பூசினேன். டிரசர் ஐயா வெள்ளைத் தண்ணீர் மருந்து கொடுத்தார். கொஞ்ச நாள் சும்மா இருக்கும், ஒரு தீபாவளியோ ஒரு கறிச்சோறோ வந்தால் திரும்ப முறுக்கும்.

ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளையை விட வந்த பாப்பாத்தி விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அவள். நாலு பிள்ளைக்காரி, சத்தமாகத்தான் பேசுவாள்.

"என்னா அத்தே, கண்ணுல மஞ்சளப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

வெளிச்சம் வந்ததும் டிரசர் ஐயாவும் பார்த்தார். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார். இதையெல்லாம் ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? நான் தரையைப் பார்த்தேன். பாப்பாத்திதான் எனக்காக, "கட்டங்காப்பித் தண்ணியாட்டம் இருக்குதாம் ஐயா" என்றாள். அவளுக்கு நான் சொன்னதே இல்லை. குத்துமதிப்பாகச் சொன்னாள், சரியாகச் சொன்னாள்.

மறுநாள் ஈப்போவுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போகிற லாரியில் என்னையும் ஏற்றினார்கள். கட்டுகளுக்கு நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். அவர் புகைக்கூண்டில் ஷீட் காயப்போடுகிற வேலை. வழி முழுக்க ஒரு பேச்சு இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பள்ளத்தில் லாரி இறங்கும்போதெல்லாம் கையை மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் காரியம் காத்திருப்பதுதான். நீளப் பலகையில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யாராவது உள்ளே போனால் எல்லோரும் ஓர் ஆள் அகலம் நகர்வோம். நகர்ந்து நகர்ந்து கதவருகே வந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

வெள்ளைக்கார டாக்டர் விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கிக்கொண்டு, மூச்சை உள்ளே இழு என்றார். இழுத்தேன். பாதியில் மூச்சு நின்றுபோனது. அந்த இடத்தில் அப்படி ஒரு நோவு. அவர் தலையை ஆட்டினார். அதுதான் சோதனையாம். இரத்தமும் எடுத்தார்கள், அது எறும்புக்கடி போலத்தான்.

அங்கே மிஸ்ஸி ஒருத்தி இருந்தாள். நோயாளிகளைப் பார்க்கிற தாதிப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தைப்பிங்கில் பிறந்த தமிழ்ப்பெண். அவள்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள்.

"கோழி அறுப்பீங்கதானே அம்மா? ஈரலோட ஒரு பச்சைப் பை ஒட்டிக்கிட்டு இருக்குமே?"

"ஆமா. அது உடைஞ்சா கறியெல்லாம் கசந்துபோயிடும்."

"அதேதான் மனுசருக்கும். பித்தப்பை. ஈரல்ல ஊறுற பித்தத் தண்ணிய சேர்த்து வச்சிருக்கும். நீங்க எண்ணெய், நெய்யின்னு சாப்பிட்டா அதைச் செரிக்கப் பை தன்னைப் பிழிஞ்சு குடுக்கும். உங்க பையில கல்லு இருக்கு. பிழியிறப்போ கல்லு போய் வாயை அடைக்குது. அதான் அந்த நோவு. பையோட எடுத்துடுவாங்க, பயப்படாதீங்க லா."

பை இல்லாமல் மனுஷி இருக்க முடியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று மூக்கின் மேல் துணி சுற்றிய கம்பியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கெட்டுப்போன பழத்தின் வாடை. ஒன்று இரண்டு என்று எண்ணு என்றாள் மிஸ்ஸி. பயத்தில் எனக்கு எண் எதுவும் வரவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்கும்போது நான் பெயர் சொல்லித்தான் கணக்குப் பார்ப்பேன். அதைச் சொல்லத் தொடங்கினேன். செல்லம்மா, காளி, பாப்பாத்தியின் குட்டிப்பயல் சின்னான்... அதற்குமேல் தெரியாது.

கண் விழித்ததும் வாய் வறண்டு கிடந்தது. வயிற்றின் வலது பக்கம் தீயாக எரிந்தது. விலாவுக்குக் கீழே ஒரு குழாய் வெளியே வந்து ஒரு புட்டிக்குள் இறங்கியிருந்தது. உள்ளே தங்குகிற கெட்ட நீரும் பித்தமும் வடிவதற்காம். குழாயைத் தொட்டேன். அந்த வழவழப்பும் வாடையும் எனக்குத் தெரிந்தவை.

"இது ரப்பரா மிஸ்ஸி?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஆமா அம்மா, ரப்பர்தான்."

எத்தனை வருசம் குளிரில் கொசுக்கடியில் மரத்தைக் கீறி, வடிகிற பாலுக்குக் கிண்ணம் வைத்திருக்கிறேன். இப்போது என்னைக் கீறி, என்னிலிருந்து வடிகிறதுக்குப் புட்டி வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

பக்கத்துக் கட்டிலில் ஆற்று மணலில் ஈயம் அலசுகிற ஒரு சீனத்தி. அவளுக்கும் வயிற்றில்தான் ஏதோ. எங்களுக்குள் பொதுவாக இருந்தது நாலு மலாய் வார்த்தை. நான் இருமல் வந்து துடிப்பதைப் பார்த்து, தன் தலையணையை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமிக் காட்டினாள். அப்படிச் செய்தால் தையல் இழுக்காது. இதைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தச் சீனத்தியின் பேர்கூட எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு குழாயை எடுத்தார்கள், தையல் பிரித்தார்கள். கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். வறுத்த கடலை மாதிரி, பழுப்பாக, பட்டை பட்டையாக இருந்தன. வீட்டுக்குப் புறப்படும் நாளில் டாக்டர் சொன்னதை மிஸ்ஸி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாரம் தூக்கக் கூடாது. எண்ணெய், நெய், கொழுப்பு ஆகாது. நோவும் மஞ்சளும் திரும்பி வந்தால் உடனே வர வேண்டும். பித்தம் இறங்குகிற வழியில் கல் தங்கியிருந்தால் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மறுபடி திறப்பது என்ற சொல் எனக்குள் போய்த் தங்கிவிட்டது. அந்தத் துணியையும் அந்த வாடையையும் இன்னொரு தரம் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன். இதுதான் என் பயம், பின்னால் நான் செய்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

லயத்துக்கு வந்து இறங்கினேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பாப்பாத்தி ஆலாத்தித் தட்டோடு நின்றாள். உள்ளே ஓலைத்தட்டியால் ஒரு மூலையை மறைத்து, பாய் விரித்து, தலைமாட்டுக்குக் கீழே பால் வெட்டுகிற கத்தியைச் செருகி வைத்திருந்தாள். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க, பிள்ளை பெற்றவளுக்கு இரும்பு வைப்பார்கள். நான் கத்தியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"என்னாத்த பாக்குறீங்க? பச்சை ஒடம்பு அத்தே. வயிறு தெறந்தா தெறந்ததுதான். படுங்க."

எங்கள் லயத்துப் பெண்களுக்கு வயிறு திறக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தலைகீழாகத் தெரியும். பழைய வேட்டியைக் கிழித்து என் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயில் கிண்டி உருண்டை பிடித்தார்கள். பூண்டுக்குழம்பில் எண்ணெய் ஒரு விரல்கடை மிதந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"எண்ணெ ஆகாதுன்னாங்க."

"அது அவங்க தின்ற மாட்டுக்கொழுப்பும் பன்னிக்கொழுப்பும் மாமா. வெள்ளைக்காரனுக்கு வேற என்னா தெரியும்? இது செக்குல ஆட்டுன நல்லெண்ணெ. புண்ண ஆத்துற மருந்து. நாலு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

அவர் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

எனக்கு மிஸ்ஸி சொன்னது மறக்கவில்லை. பை பிழிந்து கொடுக்கிற கதையும் தெரியும். ஆனாலும் சாப்பிட்டேன். இத்தனை வருசமாக இந்த லயத்தில் எத்தனை பேருக்குப் பத்தியம் வைக்கிறதைப் பார்த்திருப்பேன்! பூண்டு உரித்துக் கொடுத்திருக்கிறேன், வெந்நீர் போட்டிருக்கிறேன். அந்தப் பாய் என் பக்கம் ஒரு நாளும் விரிந்ததில்லை. இப்போது நான் படுத்திருக்கிறேன், ஒருத்தி தலைக்குச் சாம்பிராணி காட்டுகிறாள், ஒருத்தி சோற்றைப் பிசைந்து தருகிறாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்ல மனசு வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகக் கல்லைப் பார்க்க வந்தார்கள். பச்சைப் பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரியே, கைகால் கழுவிக்கொண்டு, சர்க்கரைப் பொட்டலத்தோடு.

"எங்க, காட்டுங்க பாப்போம். யாரு சாடை?"

பாப்பாத்தி புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். "மாமா சாடைதான்டி. பாரு, வாயத் தெறக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் செருமினார். அவர் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நோவு அந்த வாரமே திரும்பி வந்தது. அதே இடம், அதே முறுக்கு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. கட்டின துணி புண்ணை அழுத்தி, ஓரத்தில் ஈரம் கசிந்தது. எனக்கு ஒரே நினைப்புதான், கல் தங்கிவிட்டது, மறுபடி திறக்கப் போகிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். நான் வாடிப்போகிறதைப் பார்த்த பாப்பாத்தி, சத்து பத்தவில்லை என்று எண்ணெயைக் கூட்டினாள். கூட்டக் கூட்ட நோவும் கூடியது. நான் அதையும் விழுங்கினேன்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலை நடுவிலேயே வந்தார். மேலெல்லாம் புகை வாடை. என் கையைப் பிடித்து மெல்ல எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போனார். புகைக்கூண்டில் ஷீட்டைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுமாதிரி என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கண்ண நல்லா தொற."

திறந்தேன். கீழ் இமையை விரலால் இழுத்தும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மஞ்ச இல்ல" என்றார். பிறகு, "நோவு இருக்குதில்ல?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நேரே மருந்துக் கொட்டகைக்குப் போனார்.

டிரசர் ஐயா வந்தபோது பாப்பாத்தியும் வேலை முடிந்து வந்திருந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். ஐயா வயிற்றுக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். கசிவைத் துடைத்தார். அமுக்கிப் பார்த்து, மூச்சை இழுக்கச் சொன்னார். இந்தத் தடவை மூச்சு முழுசாக உள்ளே போனது.

"காய்ச்சல் இல்லை. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

பாப்பாத்தி பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். உருண்டை, குழம்பு, எண்ணெயில் பொரித்த கருவாடு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த சோறு. ஐயாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"எண்ணெய் கண்ணிலயும் காட்டக்கூடாது எண்டு சொன்னவை எல்லோ? இதென்ன பத்தியம்? இவ என்ன பிள்ளையே பெத்தவ? இவ பிள்ளை பெறேல்லை!"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபத்தில் வந்த பேச்சு, அவ்வளவுதான். ஆனால் வாசலில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் காதுக்கு எட்டாமல் லயத்தில் இத்தனை காலம் பேசின பேச்சு, அன்றைக்குத்தான் என் பாய்க்கு முன்னால் வந்து நின்றது. பாப்பாத்தியின் கண் சிவந்துவிட்டது. நான்தான் பேசினேன்.

"அவளச் சொல்லாதீங்க ஐயா. எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாங்க. எனக்கு இது வேண்டியிருந்துச்சு, சாப்பிட்டேன்."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, மெதுவாக, பாப்பாத்திக்கும் சேர்த்து விளக்கினார். பை இருந்தால் எண்ணெய் வரும்போது பிழிந்து கொடுக்கும். இப்போது பை இல்லை, பித்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ஒரேயடியாக எண்ணெய் போனால் குடல் தாங்காமல் முறுக்குகிறது. கல் தங்கினதுக்கு அடையாளமாக மஞ்சளோ காய்ச்சலோ இல்லை. எண்ணெயை நிறுத்திப் பார்ப்போம். நிறுத்தியும் நோவு நிற்கவில்லை என்றால் லாரிதான்.

பாப்பாத்தி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவள் வரவில்லை. என் வீட்டுக்காரர் கஞ்சி வைத்தார். உப்பு கூடிப்போன கஞ்சி. நோவு வருகிறதா என்று வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நோவும் வரவில்லை, பாப்பாத்தியும் வரவில்லை. மறுபடி திறக்க வேண்டாம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சந்தோஷப்பட வேண்டியவள் ஓலைத்தட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் தட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்து, ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தாள். குழைந்த சோறு, அவித்த முருங்கைக்கீரை, சுட்ட நெத்திலிக் கருவாடு, தெளிவாக மிளகு ரசம். மேலே ஒரு சொட்டு எண்ணெய் மினுக்கவில்லை.

"டிரசர் ஐயாகிட்ட ஒண்ணொண்ணா கேட்டுட்டு வந்தேன். அந்த மனுசனக் கொன்னு எடுத்துட்டேன். இனிமே வாயத் தொறந்து பேசுவாரா பாருங்க."

"உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்? எனக்குத்தான் பத்தியம் கெடையாதுன்னு..."

"யாரு சொன்னது கெடையாதுன்னு?" என்று என்னை முழுசாகச் சொல்லவிடவில்லை. "பத்தியம்னா என்னா அத்தே? ஆகாதத தள்ளி வக்கிறது. பெத்தவளுக்கு வாழக்காயும் பூசணிக்காயும் ஆகாது, அதத் தள்ளுறோம். ஒங்களுக்கு எண்ணெ ஆகாது, அதத் தள்ளியாச்சு. நாளு முடியிற வரைக்கும் நான்தான் பாப்பேன். வாயத் தொறங்க."

பிசைந்து ஊட்டினாள். திறந்தேன்.

வயிற்றுக்கட்டை மட்டும் தளர்த்திக் கட்டினார்கள். புண் ஆறியது. நாள் நிறைந்த அன்று தலைக்கு ஊற்றினார்கள். புட்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "நஞ்சுக்கொடிய வீட்டுலயா வப்பாங்க?" என்றாள் பாப்பாத்தி. என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய், நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டினார். கல்லைப் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றினோம்.

இப்போது கொட்டகைக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்பதால், நான் உட்கார்ந்துகொள்ள, தாய்மார்களே மடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணே, போ. நோவு உண்டு, பயமும் உண்டு. தலையணையை மறக்காதே. வந்த பிறகு எண்ணெயைத் தொடாதே.

டிரசர் ஐயா, வாசித்துக் காட்டுமுன் ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள். பையைப் பற்றியும் பித்தத்தைப் பற்றியும் நான் சொன்னது பிசகாக இருக்கலாம். டாக்டர் அமுக்கிய இடம் சரிதானா, குழாய் உண்மையிலேயே ரப்பர்தானா என்றும் பாருங்கள். கோபத்தில் நீங்கள் சொன்னதை எழுதிவிட்டேன், வேண்டாம் என்றால் அதை அடித்துவிடலாம். ஒன்றை மட்டும் திருத்தாதீர்கள். பாப்பாத்தி எனக்குப் பார்த்ததைப் பத்தியம் என்றுதான் எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.